மணி மரமும் கதிர்ப் போரும்



இந்தப் பக்கம் ஒரு பிழை திருத்தமாகத்தான் தொடங்கியது. இரண்டே வரி. 'முந்தைய இதழின் கேள்வி-பதில் பகுதியில்' என்று ஆரம்பித்து 'வருந்துகிறோம்' என்று முடித்திருந்தால் உதவி ஆசிரியருக்கும் வேலை முடிந்திருக்கும், எனக்கும் முடிந்திருக்கும். எழுத உட்கார்ந்தபோது இரண்டு வரியில் அடங்கவில்லை. இந்த மாதம் எழுதுவதாக இருந்த மாம்பழச் சமாசாரத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, முழுப் பக்கத்தையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். ஓசூரிலிருந்து, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கேள்வி அனுப்பியிருந்தார். நீல மை, இன்லண்ட் கடிதம். 1980-களின் நடுவில் அவர் வேலை பார்த்த பட்டறைக்கு ஜப்பானிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார். பெயர் சுசுகி. இன்ட்-சுசுகி பைக் வந்து ஊரெல்லாம் அதே பேச்சாகக் கிடந்த நேரம் அது. 'கம்பெனி வீட்டுப் பிள்ளையே நேரில் வந்துவிட்டது' என்று இவர்களாக முடிவுகட்டி, தினம் ஓர் இளநீர், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி என்று ராஜ உபசாரம் செய்திருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து விடைபெறும் நாளில்தான், மொழிபெயர்ப்பாளர் வழியாக அந்த மனிதர் விஷயத்தை உடைத்தாராம். தனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தன் வகுப்பிலேயே நாலு சுசுகிகள். 'இளநீர்க் காசு போனால் போகட்டும் ஐயா. அந்தப் பேருக்கு என்னதான் அர்த்தம்? இத்தனை வருஷமாகக் கேட்க ஆளில்லை. நீங்களாவது சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார்.

சொன்னோம். அகராதியைப் புரட்டினோம். அந்தப் பெயரை எழுதும் இரண்டு எழுத்துகளில் முதலாவதற்கு மணி என்று பொருள், இரண்டாவதற்கு மரம். 'மணி மரம்' என்று அச்சிட்டோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'கோயில் மணி கட்டிய மரத்தருகே குடியிருந்தவர்களாக இருக்கலாம்' என்று ஒரு கற்பனையையும் ஒட்டவைத்தோம். அந்த ஒட்டு என்னுடையது. உதவி ஆசிரியர் தலையில் கட்ட மாட்டேன்.

இதழ் வெளிவந்து பத்து நாளில் கோவையிலிருந்து ஒரு வாசகியின் கடிதம் வந்தது. நகோயாவில் பதினோரு ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பியவர். 'ஐயா, நீங்கள் எழுத்தைப் பார்த்துப் பொருள் சொல்லிவிட்டீர்கள். அந்தப் பேரை எழுதினவர்கள் பின்னால் வந்தவர்கள். முதலில் வாயால் சொன்னவர்கள் யார் என்று பார்க்க வேண்டாமா?' குட்டு பலமாகத்தான் விழுந்தது. அதன்பிறகு ஒரு மாதம், கிடைத்த நேரமெல்லாம் இதிலேயே போயிற்று. மணி மரத்தைத் தேடிப் போனவனுக்கு அகப்பட்டது ஒரு களத்துமேடு.

ஜப்பானின் பெருந்தீவில், ஒசாகாவுக்குத் தெற்கே கடலுக்குள் இறங்கி நிற்கும் பெரிய நிலத்துண்டு கீ தீபகற்பம். அதன் தென்பகுதி மலையும் காடும் மழையுமான குமானோ. அந்த வட்டாரத்தில் நெல் அறுத்ததும் உடனே அடித்துவிடுவதில்லை. வயலில் ஒரு கம்பு நட்டு, கதிரோடு கூடிய தாளைக் கற்றை கற்றையாக அதைச் சுற்றி அடுக்குவார்கள். கதிர் உள்பக்கம், தாளின் அடி வெளிப்பக்கம். மழை பட்டாலும் தாளோடு வழிந்துவிடும், மணி நனையாது. இந்த அடுக்குக்கு அங்கே 'சுசுகி' என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு வைக்கோல் போர் கண்முன் வந்திருக்கும். ஒரு வித்தியாசம் உண்டு: நம் போரில் இருப்பது நெல் உதிர்ந்த வைக்கோல், அவர்கள் போரில் நெல் அப்படியே இருக்கிறது. கதிர்ப் போர் என்று சொல்லலாம்.

நெல் இருக்கும் இடத்தில் தெய்வமும் இருக்க வேண்டுமே. நெல்லின் தெய்வம் அந்தக் கம்பின் வழியாக இறங்கி வந்து போருக்குள் தங்குகிறது, அதனால்தான் விதைநெல்லுக்கு அடுத்த போகத்துக்கான உயிர் கிடைக்கிறது என்று நம்பினார்கள். ஆக, சுசுகி அவர்களுக்கு வெறும் சேமிப்பு இல்லை, ஒருவகைக் கருவறை.

இந்தப் பெயரைத் தாங்கிய குடிக்கு இன்னும் பழைய பெயர் ஒன்று உண்டு: ஹொசுமி. 'ஹொ' என்றால் கதிர், 'சுமி' என்றால் அடுக்குவது. கதிரடுக்கி. பொருள் ஒன்றுதான், சொல்தான் வேறு. குமானோவின் பழங்கதை ஒன்றில் மூன்று குடிகள் வருகின்றன: எனோமோதோ, உயி, சுசுகி. குமானோ தெய்வம் அந்த மண்ணில் வந்து இறங்கியபோது மூவரும் ஆளுக்கொன்றாகப் படையல் வைத்தார்கள். நெற்கதிரைக் கொண்டுவந்து வைத்தவன் ஹொசுமி என்று பெயர் பெற்றான். கதைதான். ஆனால் இந்தக் குடிகள் தலைமுறை தலைமுறையாக அந்தக் கோயில்களின் பூசைக்காரர்களாக இருந்தது கதையில்லை.

அப்படியானால் மணி எங்கிருந்து வந்தது? இங்கேதான் நாங்கள் சறுக்கியது. ஜப்பானியர்கள் எழுத்தைச் சீனத்திலிருந்து எடுத்துக்கொண்டவர்கள். பேச்சு அவர்களுடையது, எழுத்து இரவல். நாட்டார் சொல் ஒன்றை எழுத வேண்டி வந்தால், பொருளைப் பாராமல் ஓசை பொருந்துகிற எழுத்தாகத் தேடிப் பிடிப்பதும் உண்டு. அதிலும் மங்கலமான எழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது. ஊர்ப் பெயர்களை நல்ல பொருள் தரும் இரண்டு எழுத்தில் எழுத வேண்டும் என்று 713-ஆம் ஆண்டு அரசாணையே வந்தது. அதற்கு வாழும் சாட்சி இந்தக் கீ நாடே. காடு நிறைந்த நிலம் என்பதால் மரம் என்று பொருள்படும் 'கி' என்பதுதான் அதன் பழைய பெயர். ஒரே எழுத்து. ஆணை இரண்டு கேட்கிறதே! பொருளுக்குச் சம்பந்தமில்லாத இரண்டு எழுத்தைப் போட்டு, கடைசி ஓசையை இழுத்து, 'கீ' ஆக்கிவிட்டார்கள். சர்க்கார் படிவத்தில் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக எதையாவது எழுதி நிரப்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு போலும்.

அதே பழக்கத்தில்தான் சுசுகி என்ற களத்துமேட்டுச் சொல்லுக்கும் 'சுசு' என்று மணியும் 'கி' என்று மரமும் வந்து ஒட்டிக்கொண்டன. மணி என்றதும் நான் நினைத்த கோயில் கண்டாமணியும் தப்பு. சுசு என்பது உள்ளே பரல் போட்ட உருண்டை மணி, நம் சலங்கையில் இருப்பது. ஷிந்தோ கோயில் வாசலில் கயிற்றோடு தொங்கவிட்டிருப்பார்கள். கும்பிட வருகிறவர் கயிற்றை ஆட்டித் தெய்வத்தைக் கூப்பிடுவார். பூசைக்காரக் குடிக்கு அந்த எழுத்து பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஓர் அற்பச் சந்தோஷத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தப் போரைச் சொல்லும் சொல்லில் நடுவிலிருக்கும் 'சு' மென்மையாகச் சீறும் ஓசை. குடும்பப் பெயரிலோ அது நாக்கு அதிரும் ஓசை. இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழில் தனி எழுத்து இல்லை என்று நம்மைக் குறை சொல்வார்கள். குறையே இந்த ஓரிடத்தில் நமக்கு உதவிவிட்டது: 'சுசுகி' என்று நாம் எழுதும்போது குடும்பப் பெயரும் கதிர்ப் போரும் ஒரே எழுத்தில் வந்துவிடுகின்றன.

இனி ஊருக்குப் போவோம். வகயாமா மாகாணத்தில், கடலோரத்தில், கைனான் என்று ஒரு சிறு நகரம். அதில் ஃபுஜிஷிரோ என்ற பகுதி. குமானோவிலிருந்து புறப்பட்ட சுசுகிகளில் ஒரு கிளை வந்து அமர்ந்த இடம் இது. இன்று ஜப்பான் முழுவதும் உள்ள சுசுகிகள் தங்கள் பெயரின் தாய்வீடாகச் சொல்வது இதைத்தான். இடத்தை அவர்கள் வீணாகத் தேர்ந்தெடுக்கவில்லை. கியோத்தோவிலிருந்து குமானோவுக்குப் போகும் யாத்திரை வழி இந்த ஊர் வழியாகத்தான் மலையேறுகிறது. போய்த் திரும்ப ஒரு மாதம் பிடிக்கும் வழி. வழியெங்கும் சின்னச் சின்னக் கோயில்கள். அவற்றில் முக்கியமான ஐந்தில் ஒன்று ஃபுஜிஷிரோவில் இருந்தது. பட்டம் துறந்த சக்கரவர்த்திகளே வரிசையாக வந்தார்கள். கோ-ஷிரகாவா 30 முறைக்கு மேல் வந்தார், கோ-தோபா 28 முறை. பிறகு வீரர்கள், அவர்களுக்குப் பின்னால் குடியானவர்கள். பெண்களையும் நோயாளிகளையும் குமானோ தள்ளி நிறுத்தவில்லை என்பதால் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. எறும்புச் சாரையைப் போலப் போகிறார்கள் என்று ஜப்பானிய மொழியில் ஒரு சொல்வழக்கே உண்டாயிற்று. அந்த வழிகளும் கோயில்களும் 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின.

சாரை போகிற வழியில் வீடு கட்டிக்கொண்டவர்கள் சுசுகிகள். இந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லப்படுகிற சுசுகி சபுரோ ஷிகெயியே, ஜப்பானியர்கள் இன்றைக்கும் கண்கலங்கிப் பேசும் வீரன் யோஷித்சுனேயின் படையாள். அண்ணனே பகைவனாகி யோஷித்சுனேயை வடக்கே துரத்தியபோது, அவனைத் தேடிப் போய்ச் சேர்ந்து, 1189-ல் கொரோமொகாவா ஆற்றங்கரையில் கூடவே மடிந்தவன் என்பது வீரகாவியம் சொல்லும் செய்தி. யோஷித்சுனே சிறுவனாக இருந்தபோது குமானோ போகும் வழியில் சுசுகி வீட்டில் தங்கி விளையாடினான் என்றும் ஊரில் சொல்வார்கள்.

இந்த ஃபுஜிஷிரோ கோயிலுக்குள் பெரிய கற்பூர மரம் ஒன்று தெய்வமாக நிற்கிறது. குழந்தை பிறந்தால் அங்கே தூக்கிக்கொண்டு போய், குமானோவின் 'குமா', கற்பூர மரத்தின் 'குசு', ஃபுஜிஷிரோவின் 'ஃபுஜி' இவற்றில் ஒன்றைப் பிள்ளையின் பெயரில் சேர்த்து வாங்கிவருவது சுற்று வட்டார வழக்கம். 1867-ல் வகயாமாவில் பிறந்த ஒரு நோஞ்சான் குழந்தைக்கு ஒன்று போதாது என்று இரண்டாக வாங்கினார்கள்: குமாகுசு. அவர்தான் மினகாத்தா குமாகுசு. லண்டன் போய் 'நேச்சர்' இதழில் கட்டுரை கட்டுரையாக எழுதிக் குவித்த இயற்கை அறிஞர். ஊர் திரும்பி, சிறு கோயில்களையும் அவற்றைச் சுற்றியிருந்த காடுகளையும் அரசு அழித்தபோது எதிர்த்து நின்று சிறைக்குப் போனவர். மரத்திடம் பெயர் வாங்கியவர் மரத்துக்காகப் போனார். சுசுகியைத் தேடிப் போன எனக்கு இடையில் கிடைத்த மனிதர் இவர். இவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஒரு கோயில் வழியோரக் குடியின் பெயர் நாடு முழுக்க எப்படிப் பரவியது? குமானோவின் பூசைக்காரர்களும் வழிகாட்டிகளும் யாத்திரிகர் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. தாங்களே ஊர் ஊராகப் போனார்கள். கையில் காகங்களை அச்சிட்ட காப்புத்தாள் இருக்கும்; குமானோ தெய்வத்தின் தூதுப் பறவை காகம். சத்தியம் செய்கிறவர்கள் அந்தத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். வாக்கை மீறினால் குமானோவில் ஒரு காகம் செத்து விழும், மீறியவனும் பிழைக்க மாட்டான் என்பது நம்பிக்கை. அந்தத் தாளோடு தெய்வமும் போயிற்று, பெயரும் போயிற்று. குமானோக்காரர்கள் தேர்ந்த படகோட்டிகள். கீ கரையிலிருந்து கிழக்கே கடலோரமாகப் போனால் மிகாவா, இசு, அதற்கும் அப்பால் இன்றைய தோக்கியோ, சிபா. போன இடத்தில் குமானோ தெய்வத்துக்குக் கோயில் எழுப்பி, அங்கேயே தங்கினார்கள். இன்று ஜப்பானில் குமானோ கோயில்கள் 3000-க்கு மேல். சுசுகி என்ற பெயர் கிழக்கே அடர்ந்தும் மேற்கே அருகியும் கிடப்பதற்கு இந்தக் கடல்வழி ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அரசியல். மிகாவாவில் வேர்விட்ட சுசுகிகள் அங்கே சிறு சிறு தலைவர்களாக வளர்ந்தார்கள். அதே மிகாவாவில் பிறந்து நாட்டையே கட்டியாண்டவர் தொக்குகாவா இயேயாசு. 1590-ல் அவர் எதோவுக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு, இடம் பெயர்ந்தபோது பின்னால் போன படையாட்களில் சுசுகிகளும் உண்டு. மிகாவா சுசுகிகளின் பூர்வீகமான யனாமி கிராமம் இன்று எந்த நகரத்தின் எல்லைக்குள் இருக்கிறது தெரியுமா? தொயோத்தா நகரத்துக்குள். 1959 வரை கொரோமோ என்று இருந்த ஊர், கார் கம்பெனிக்காகப் பெயரை மாற்றிக்கொண்டது. போட்டிக் கம்பெனியின் பெயர் கொண்ட ஊரில் சுசுகிகளின் பழைய வீடு!

எல்லோருக்கும் குடும்பப் பெயர் என்பது பின்னால் வந்த கதை. எதோ காலத்தில் குடும்பப் பெயரைப் பகிரங்கமாகச் சொல்லிக்கொள்வது சாமுராய்களுக்கும் அனுமதி பெற்ற சிலருக்கும் மட்டுமே உரிய கௌரவம். குடியானவர்கள் பலருக்கும் ஊருக்குள் புழங்கும் பெயர் இருந்தது, ஏட்டில் ஏறாது. அதற்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1870-ல் எல்லோரும் வைத்துக்கொள்ளலாம் என்றது. ஜனங்கள் அசையவில்லை, பேரைக் கொடுத்தால் வரி போடுவான் என்ற பயம். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் பெயர்ப் பட்டியல் வேண்டியிருந்ததால் 1875 பிப்ரவரி 13 அன்று கட்டாயமாக்கினார்கள். அன்றைக்கு எல்லோரும் கண்ணில் பட்டதைப் பெயராக வைத்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. சிலர் அப்படியும் வைத்திருப்பார்கள். வாயில் புழங்கிக்கொண்டிருந்த பெயரைக் காகிதத்தில் ஏற்றியவர்களே அதிகம்.

இன்று சுசுகிகள் ஏறத்தாழ 18 லட்சம் பேர். முதலிடம் சாத்தோவுக்கு, சற்றே பின்தங்கி சுசுகி. வேடிக்கை என்னவென்றால், பெயர் பிறந்த வகயாமாவில் சுசுகி முதலிடத்தில் இல்லை. யமமோதோதான் அங்கே அதிகம். விதைநெல்லை வெளியூருக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தன் வயலில் வேறு பயிர் வைத்த சம்சாரி மாதிரி.

இத்தனை பேர் இருந்தால் சங்கடமும் இருக்கும். 1994-ல் ஓரிக்ஸ் பேஸ்பால் அணியில் இளைஞன் ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான். பெயர் சுசுகி இச்சிரோ. 'சுசுகி என்று முதுகில் எழுதினால் யார் கண்ணுக்குத் தெரியும்' என்று நினைத்த அணி மேலாளர் ஓகி அகிரா, சட்டையில் வெறுமனே 'இச்சிரோ' என்று போடச் சொன்னார். அந்தப் பருவத்தில் அவன் அடித்தது 210 ஹிட், அதுவரை ஜப்பானில் யாரும் தொடாத எண்ணிக்கை. பிறகு அமெரிக்கா போய், 2004-ல் ஒரே பருவத்தில் 262 அடித்து அந்த ஊர்ச் சாதனையையும் முறித்தார். 2025-ல் அமெரிக்க பேஸ்பாலின் புகழரங்குக்குத் தேர்வானபோது 394 வாக்கில் 393 அவருக்கு. உலகம் இன்றும் அவரை இச்சிரோ என்றே அழைக்கிறது. குடும்பப் பெயர் தேய்ந்து போனதால் சொந்தப் பெயர் விளங்கிய மனிதர்.

ஜென் படிப்பவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. மேற்கே ஜென்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த அறிஞர் டைசெத்சு சுசுகி ஒருவர். சான் பிரான்சிஸ்கோவில் ஜென் மையம் அமைத்த ஷுன்ரியு சுசுகி வேறொருவர். ஆள் மாற்றிக் கேட்பவர்களிடம் 'அவர் பெரிய சுசுகி, நான் சின்ன சுசுகி' என்பாராம் இரண்டாமவர். பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித்தரும் முறைக்குப் பெயர் தந்த ஷினிச்சி சுசுகி, 1898-ல் நகோயாவில் ஒரு வயலின் உற்பத்தியாளர் வீட்டில் பிறந்தவர். பெரியவரே, இவர்கள் யாருக்கும் யாரும் உறவில்லை. பூச்சினியின் 'மதாம் பட்டர்ஃபிளை' இசைநாடகத்தில் வரும் பணிப்பெண்ணுக்கும் சுசுகி என்று பெயர். குடும்பப் பெயரைப் பெண்ணின் சொந்தப் பெயராக்கிவிட்டார்கள் ஐரோப்பியர்கள். மணி மரம் என்று அச்சிட்ட நான் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

என் மனத்துக்கு நெருக்கமான சுசுகி இவர்கள் யாரும் இல்லை. 1874-ல் ஷிசுவோகாவில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்த உமேதரோ சுசுகி. அந்தக் காலத்து ஜப்பானில் பெரிபெரி நோய் கொத்துக் கொத்தாக ஆளைக் கொன்றது. கால் வீங்கும், மரத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும். பட்டை தீட்டிய வெள்ளை அரிசிதான் சாப்பாடு என்று ஆன நகரவாசிகளையும் படைவீரர்களையுமே அது அதிகம் பிடித்தது. கிருமிதான் காரணம் என்று பெரிய மருத்துவர்கள் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். விவசாய வேதியியல் படித்த உமேதரோ தவிட்டைக் கையில் எடுத்தார். மாட்டுக்குப் போடும் தவிடு. 1910-ல் அதிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, பின்னர் நெல்லின் லத்தீன் பெயரான ஒரைசாவைக் கொண்டு ஒரைசனின் என்று பெயர் வைத்தார். இன்று நாம் பி1 என்கிற வைட்டமின் அது. 'தவிட்டைத் தின்று நோய் போகுமா' என்று மருத்துவர்கள் கேலி செய்தார்கள். அவர் கட்டுரை ஜப்பானிய மொழியில் இருந்ததால் வெளியே தெரியத் தாமதமாயிற்று. வைட்டமின் என்ற சொல்லை 1912-ல் ஐரோப்பாவில் காசிமிர் ஃபங்க் உண்டாக்கினார். 1929-ல் வைட்டமின் ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு கொடுத்தபோது அதைப் பெற்றவர்கள் வேறு இருவர். கதிர்ப் போர் என்று பெயர் கொண்ட ஒருவர், நெல்லைத் தீட்டும்போது எதைத் தூர எறிகிறோம் என்று காட்டினார். இது தற்செயல் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை.

சரி, கம்பெனி சுசுகி. மிச்சியோ சுசுகி தச்சு வேலை கற்றவர். தாய் தறி போட்டுக் கஷ்டப்படுவதைப் பார்த்து அவருக்காக ஒரு தறி செய்துகொடுத்ததில் ஆரம்பித்து, 1909-ல் ஹமாமத்சுவில் தறிப் பட்டறை போட்டார். வண்டிகள் வந்தது 1952-லிருந்து. 1982-ல் மாருதிக்காக நம் அரசோடு கைகோத்ததும், அதே காலத்தில் ஓசூரில் பைக் கூட்டணி உருவானதும், பின்னது 2001-ல் பிரிந்ததும் உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாருதி காலத்திலிருந்து அந்தக் கம்பெனியின் முகமாக இருந்தவர் ஒசாமு சுசுகி. பிறப்பால் அவர் சுசுகியே இல்லை. 1930-ல் மத்சுடா ஒசாமுவாகப் பிறந்தவர். மிச்சியோவின் பேத்தியைக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்குப் பிள்ளையாகச் சுவீகாரம் போய், பெயரையும் மாற்றிக்கொண்டார். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு கேலிச் சிரிப்பு வரும். ஜப்பானிய வியாபாரக் குடும்பங்களில் அது மரியாதையான, தெளிவாக யோசித்துச் செய்யும் ஏற்பாடு. வம்சத்தைவிட வீட்டுப் பெயரும் தொழிலும் நிலைக்க வேண்டும். அவர் 2024 டிசம்பர் 25 அன்று, 94 வயதில் மறைந்தார். அடுத்த மாதம் இந்தியா பத்ம விபூஷண் அறிவித்தது. ஓசூர்ப் பெரியவரே, அந்தப் பொறியாளருக்குக் கம்பெனிக் குடும்பத்தோடு ரத்த சம்பந்தம் இல்லை என்று வருந்தினீர்கள். கம்பெனி முதலாளிக்கே அது இல்லை!

மத்சுடா என்றால் பைன் மரத்து வயல். 'தா' அல்லது 'டா' என்று முடிகிற பெயர்களில் பெரும்பாலும் ஒரு நெல்வயல் ஒளிந்திருக்கும். மாஸ்டா காரின் பெயரும் அந்த மத்சுடாதான், வேறு குடும்பம். தொயோத்தா என்றால் வளமான வயல். ஹோண்டா என்றால் மூல வயல். சென்னையில் அண்ணா சாலை சிக்னலில் அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தபோது இதை நினைத்துப் பார்த்தேன். முன்னால் வளமான வயல், பக்கத்தில் மூல வயல், இடுக்கில் புகுந்து போகிறது ஒரு கதிர்ப் போர். கண்ணுக்கெட்டிய தூரம் நன்செய். தண்ணீர் லாரிதான் பாக்கி.

கோவை வாசகி தன் கடிதத்தின் பின்பக்கத்தில் ஒன்று எழுதியிருந்தார். நகோயாவில் அவர் பக்கத்து வீட்டுப் பெண், கல்யாணத்துக்கு முன்பு சுசுகி. கல்யாணத்துக்குப் பிறகு சட்டம் அந்தப் பெயரைக் கழற்ற வைத்துவிட்டது. ஜப்பானில் கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் பதிய வேண்டும். யார் பெயர் என்று அவர்களே முடிவு செய்யலாம் என்கிறது சட்டம். நூற்றில் ஏறத்தாழ 95 இணைகள் கணவன் பெயரையே எடுக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2015-லும் 2021-லும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. இப்படியே போனால் 2531-ஆம் ஆண்டில் ஜப்பானியர் அத்தனை பேரும் சாத்தோ ஆகிவிடுவார்கள் என்று தொஹோகு பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷிதா ஹிரோஷி 2024-ல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பயமுறுத்துவதற்கென்றே போட்ட கணக்கு அது. 'என் அப்பா பேரை ஆபீஸில் மட்டும் வைத்திருக்கிறேன்' என்று அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் சொல்வாராம். பெயர்ப் பலகையில் சுசுகி, வங்கிப் புத்தகத்தில் வேறு. இதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு: ஒரு மனுஷிக்கு எந்தப் பெயர் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

ஃபுஜிஷிரோவின் தாய்வீட்டுக் கதையையும் முடித்துவிடுகிறேன். தலைமுறை தலைமுறையாக வந்த அந்தக் கிளை, 1942-ல் 122-ஆவது வாரிசோடு நின்றுபோயிற்று. வீடு பூட்டிக் கிடந்து, கூரை இறங்கி, விழும் நிலைக்கு வந்தது. பிறகு ஊர்க்காரர்கள் நிதி திரட்டினார்கள். ஜப்பானின் பல பக்கங்களிலிருந்தும் சுசுகிகள் பணம் அனுப்பினார்கள். பார்த்திராத வீட்டுக்கு, உறவில்லாத குடும்பத்துக்கு. 2023-ல் பழைய சாயலிலேயே வீடு எழுந்து நிற்கிறது. கோயிலை ஒட்டியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

இனி, நான் எழுதியிருக்க வேண்டிய இரண்டு வரி:

பிழை திருத்தம்: முந்தைய இதழ், கேள்வி-பதில் பகுதி, ஓசூர் வாசகருக்கான பதிலில் 'மணி மரம்' என்றிருப்பதைக் 'கதிர்ப் போர்' என்று திருத்தி வாசிக்கவும். கோயில் மணி பற்றிய வரியை அடித்துவிடவும்.

அன்புடன்,
ஆசிரியர்